கோடையில் ராமேசுவரம் தீவுக்குப் படமெடுக்கப் போவது: ஏப்ரலா, மே கடைசியா?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. கோவையிலிருந்து மூன்று பேர் காரில் ராமேசுவரம் வருகிறோம். படம் எடுப்பதற்காகவே வரும் பயணம். மூன்று பகல், இரண்டு இரவு. விடுப்பு ஏப்ரல் மூன்றாம் வாரத்திலோ மே கடைசி வாரத்திலோதான் கிடைக்கும். எதை எடுத்துக்கொள்வது?

மனதில் இருப்பவை: தனுஷ்கோடி சாலை முடிகிற அரிச்சல்முனையில் சூரிய உதயமும் அஸ்தமனமும், தனுஷ்கோடி தேவாலயம், பாம்பன் பாலத்தில் ரயில், கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரைக் கூட்டம். முடிந்தால் குருசடைத் தீவிலோ முசல் தீவிலோ இறங்கிப் பவளப்பாறை எடுக்க ஆசை. அங்கே படகு பேசினால் கூட்டிப் போவார்கள் என்று ஒருவர் சொன்னார், சரிங்களா? சின்ன ட்ரோன் ஒன்றும் இருக்கிறது.

கையில் இருப்பது: ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒன்று (16-35, 70-300 லென்ஸ்கள்), கிராப் கேமரா ஒன்று (18-140), மூன்றாமவரிடம் போன் மட்டும். 6 ஸ்டாப், 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), போலரைசர் (பளபளப்பை அறுக்கும் ஃபில்டர்), அலுமினிய டிரைபாட். இதில் எதை விட்டுவிட்டு வரலாம், எதைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்குமுங்க.

பாம்பன்கரை:

அண்ணே, வெயில் ரெண்டு மாசத்துலயும் ஒண்ணுதான். தேதியைக் காற்றைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

பங்குனி, சித்திரையில் வாடை (வடகிழக்குக் காற்று) ஓய்ந்து, கச்சான் (தென்மேற்குக் காற்று) இன்னும் பிடிக்காமல் இருக்கும். அப்போது தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்), வடகடல் ரெண்டுமே அடங்கிக் கிடக்கும், தண்ணீர் தெளிந்து அடிமணல் தெரியும். வைகாசி பாதிக்கு மேல் கச்சான் எழும்பிவிட்டால் தென்கடல் கலங்கிவிடும். அலை கரையில் வந்து அறையும், உப்புச்சாரல் நூறடி தூரத்துக்குப் பறக்கும். அதே நேரம் வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், குளம் மாதிரி நிற்கும். தென்கடலை ஆண்கடல், வடகடலைப் பெண்கடல் என்று இங்கிட்டுச் சொல்வது இதை வைத்துத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்ததும் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும்.

ஆகவே தெளிந்த பச்சைத் தண்ணீர், பாலத்துக்குக் கீழே படகின் நிழல் அடிமணலில் விழுவது, இந்த மாதிரிப் படம் வேண்டுமென்றால் ஏப்ரல். அலை, மேகம், மணல் பறப்பது, அந்த மாதிரி முரட்டுப் படம் வேண்டுமென்றால் மே கடைசி. முதல் தடவை வருகிறவர்களுக்கு ஏப்ரல்தான் என் பரிந்துரை. மே கடைசியில் வந்தால் மூன்று நாளில் ஒரு நாள் லென்ஸ் துடைப்பதிலேயே போய்விடும்.

இப்போது அரிச்சல்முனை. உங்கள் திட்டத்தில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. தனுஷ்கோடி சாலையில் பொதுவாகக் காலை 6 மணிக்கு மேல்தான் வண்டியை விடுவார்கள். மாலை 5 மணிவாக்கில் உள்ளே விடுவதை நிறுத்திவிட்டு, முனையில் நிற்கிறவர்களைப் போலீஸ் கிளப்ப ஆரம்பிக்கும். நேரம் அவ்வப்போது மாறும். முந்தின நாளே சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்டுவிடுங்கள்.

ராமேசுவரத்தில் சூரியன் உதிப்பது ஏப்ரல் நடுவில் 6:03, மே கடைசியில் 5:52. மறைவது 6:22, 6:29. ஊரிலிருந்து முனைக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, கோடையில் அரிச்சல்முனை உதயமும் கைக்கு எட்டாது, அஸ்தமனமும் எட்டாது. மார்கழி, தையில் சூரியன் ஆறரைக்கு மேல் எழுவதால், அப்போது எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுக் கோடையில் வந்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

அதற்குப் பதில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். உதயத்துக்கு அக்னி தீர்த்தக் கரை. 5:30-க்கெல்லாம் இடம் பிடித்துவிடுங்கள். அங்கே முன்னால் இருப்பது வடகடல், கோடையில் அலையே இருக்காது. கட்டிக் கிடக்கும் நாட்டுப்படகுகள் தண்ணீரில் அப்படியே பிரதிபலிக்கும். சூரியன் நேர்கிழக்கில் வராது, ஏப்ரலில் பத்து டிகிரி இடதுபக்கம், மே கடைசியில் இருபதுக்கு மேல். எல்லாரும் சூரியனைப் பார்த்து நிற்கும்போது நீங்கள் 6:10 வாக்கில் திரும்பி நில்லுங்கள். 126 அடி உயரக் கிழக்கு ராஜகோபுரம் ஒன்பது நிலையும் மஞ்சள் வெளிச்சத்தில் நிற்கும். அந்த நிறம் பத்து நிமிடம்தான். ஒரு வேண்டுகோள்: அங்கே திதி, தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் இருப்பார்கள். நனைந்த துணியோடு நிற்கிறவர்கள், பிண்டம் வைக்கிறவர்கள் முகத்துக்கு லென்ஸை நீட்டாதீர்கள். அமாவாசை அன்று அந்தப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, அந்தத் தேதியைத் தவிர்த்துவிடுங்கள். கோயிலுக்கு உள்ளே கேமராவும் போனும் கிடையாது. பிராகாரம் கண்ணால் பார்ப்பதற்கு மட்டும்.

அடுத்த நாள் ஊரில் படமெடுக்காமல் நேரே சாவடிக்குப் போய் 6 மணி வண்டிகளில் முதல் வண்டியாக நுழையுங்கள். 6:35-க்குத் தேவாலயம். சிதைந்த சுவர் பவளக்கல்லால் கட்டினது. பக்கவாட்டு வெளிச்சத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் மூளை மடிப்பு மாதிரி வளைந்த வரி, தேன்கூடு மாதிரிக் குழி, இடையில் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்த தடம் எல்லாம் தெரியும். 7:30 தாண்டினால் வெளிச்சம் மேலே ஏறி அந்தக் குழியெல்லாம் நிரம்பிவிடும், வெறும் சாம்பல் சுவராகத் தெரியும். 1964 டிசம்பர் புயலில் தப்பி நின்றவை அவை, உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. சுவர்மேல் ஏறாதீர்கள், சாய்ந்துகூட நிற்காதீர்கள். எட்டரைக்குள் வேன்கள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதற்கும் முன்னால்.

தேவாலயத்திலிருந்து முனைக்கு நாலரைக் கிலோமீட்டர். தார்ச்சாலையை விட்டுக் காரை மணலில் இறக்கவே கூடாது. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், ஒரு சாண் கீழே பொலபொலவென்று இருக்கும், சக்கரம் சுற்றச் சுற்ற அச்சுவரை இறங்கிவிடும். காற்று நாளில் சாலைமேலேயே மணல் நாக்கு நாக்காக ஏறிக் கிடக்கும், அதில் வேகமாகப் போனால் வண்டி இழுக்கும். முனையில் நீரோட்டம் பலம். தண்ணீர் அரித்து விளிம்பு திடீரென்று சரியும். டிரைபாட்டை விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே வையுங்கள்.

அஸ்தமனத்துக்குக் குந்துகால். விவேகானந்தர் 1897 ஜனவரியில் வந்திறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. சூரியன் எதிர்க்கரையில் மண்டபம் ஊர்ப் பக்கம் இறங்கும். முன்னால் படகுகள், அந்தப் பக்கம் குருசடைத் தீவின் மரவரிசை. 5:45-க்குப் போனால் போதும்.

பூநாரையை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். அவை தை, மாசிக்கான விருந்தாளிகள்.

வெயில்மானி:

பாம்பன்கரை அண்ணன் இடங்களைச் சொல்லிவிட்டார். நான் வெளிச்சத்தை மட்டும் சொல்கிறேன்.

ராமேசுவரம் 9.28 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 14, 15 தேதிகளில் சூரியன் நண்பகலில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். மணி 12:13 வாக்கில் கம்பத்தின் நிழல் கம்பத்தின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அதற்குப் பிறகு ஆவணி வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாம்பன் பாலத்துக்கு எங்கே நிற்பது என்ற கேள்விக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

பாலம் ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடுகிறது. கோடையில் அதன் வடக்கு முகத்தில்தான் வெளிச்சம், தெற்கு முகம் நிழல். தூண், கர்டர், ரயில் பெட்டி எல்லாம் விளக்கமாகத் தெரிய வேண்டுமென்றால் வடக்குப் பக்கம் நின்று தெற்கே பார்த்து எடுங்கள். நிழலுருவாக வேண்டுமென்றால் பாம்பன் கரையில் பாலத்துக்குத் தெற்கே நில்லுங்கள். கோடைச் சூரியன் மேற்கிலிருந்து பத்து முதல் இருபது டிகிரி வடக்கே தள்ளி இறங்குவதால் புதிய பாலத்தின் இரட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் கொண்டுவரலாம். எந்த அடியில் நின்றால் கோபுரத்துக்கு நடுவே வரும் என்பதைப் போனில் சூரியப் பாதை காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு முதல் நாளே பார்த்து வையுங்கள்.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு நேரே மேலே 17 மீட்டர் தூக்கும். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் கத்தரி மாதிரி இரண்டு கை விரியும், இதில் லிஃப்ட் மாதிரி ஏறும். கப்பலோ பெரிய படகோ கடக்கிற நாளில்தான் தூக்குவார்கள். ரயிலைத் தூரத்திலிருந்து எடுப்பதற்கு 1/250 நொடி போதும், அநாவசியமாக ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டாம். ரயில் நேரத்தை அட்டவணையில் பார்ப்பதோடு நிற்காமல், மண்டபம் நிலையத்தை விட்டுக் கிளம்பிவிட்டதா என்று ரயில் ஆப்பில் பார்த்துவிட்டுத் தயாராகுங்கள்.

ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் ஓடும் சாலைப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது, போலீஸ் விரட்டும், அபராதமும் உண்டு. பாம்பன் முனையில் இறக்கிவிடச் சொல்லி நடைபாதையில் நடந்து போங்கள். பேருந்து போகும்போது பாலம் அதிரும். இரண்டு தூணுக்கு நடுவில் நின்றால் அதிர்வு அதிகம், தூணுக்கு நேர்மேலே நின்றால் குறைவு. கைப்பிடிச் சுவரை ஒட்டி டிரைபாட் வைத்து 30 நொடி எடுத்தால் நிச்சயம் ஆடிப்போகும். அங்கே 1/250-க்குக் குறையாமல் கையில் பிடித்து எடுப்பதுதான் நல்லது. லென்ஸுக்குக் கீழே கடல் இருப்பதால் கழுத்துப் பட்டையை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்போஷர். வெண்மணலும் ஈரமும் மீட்டரை ஏமாற்றும். கேமரா சொல்வதை நம்பினால் மணல் பழுப்பாகும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள், ஆனால் நுரை இருக்கிற சட்டகத்தில் அப்படிக் கூட்டினால் நுரை வெளுத்துவிடும். அங்கே மூன்றில் ஒன்று மட்டும். பகலில் திரையில் எதுவும் தெரியாது, ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மட்டும் நம்புங்கள். ரா வடிவில் எடுத்தாலும் வெள்ளைச் சமநிலையை 5200-ல் கட்டி வையுங்கள். தானாக விட்டால் கடல் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பச்சையாக வரும்.

என்டி: 1/30 நொடி வருகிற இடத்தில் 6 ஸ்டாப் போட்டால் சுமார் 2 நொடி, 10 ஸ்டாப் போட்டால் சுமார் 34 நொடி. தென்கடல் அலைக்கு 10 ஸ்டாப் வேண்டாம். அலை முழுக்கப் பனிமூட்டமாகிவிடும், அது எந்தக் கடல் என்பதே தெரியாது. கால் நொடி முதல் ஒரு நொடிவரை வைத்தால், பின்வாங்குகிற நுரை கோடுகோடாக மணலில் இழுத்துக்கொண்டு போவது பதியும். அலை ஏறும்போது அழுத்தாமல் திரும்பும்போது அழுத்துங்கள். 10 ஸ்டாப்பை வடகடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், படகு ஆடாமல் இருந்தால்.

போலரைசரைப் பகலில் வானத்துக்காகப் போட வேண்டாம். 16 மிமீ அகலத்தில் வானம் ஒருபக்கம் கருநீலம், ஒருபக்கம் வெளிர் என்று திட்டுத்திட்டாக வரும்.

மணல்திட்டு:

போலரைசர் விஷயத்தில் சிறு மாற்றுக் கருத்து. வானத்துக்கு வேண்டாம், சரி. ஆனால் தண்ணீருக்கு அதுதான் கண். காலை 10 முதல் 2 மணிவரை, எல்லாரும் அறைக்குப் போய்ப் படுக்கிற நேரத்தில்தான், சாலைப் பாலத்திலிருந்து பார்த்தால் அடிமணல், பாறை, பாசி மூன்றும் மூன்று நிறமாகப் பிரிந்து தெரியும். சூரியன் தாழ்ந்திருந்தால் வெளிச்சம் தண்ணீர்மேல் பட்டுத் தெறித்துவிடும், உள்ளே இறங்காது. 35 முதல் 70 மிமீ வரை வைத்து, வானத்தைச் சட்டகத்திலிருந்து அறவே நீக்கி, பாதிச் சரிவில் கீழே பார்த்துப் போலரைசரை மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் பளபளப்பு சட்டென்று அறுந்து கீழே உள்ளது மேலே வந்துவிடும். இரண்டு ஸ்டாப்வரை வெளிச்சம் குறையும், கணக்கில் வையுங்கள். கோடை நண்பகல் வீண் என்று சொல்வதை இந்த ஒரு படத்துக்காகவே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது தீவுகள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் அடக்கம். பூங்கா அறிவிக்கப்பட்டது 1986-ல். குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முசல் எல்லாம் இதில்தான் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைப்பதே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படகு பேசினால் கூட்டிப் போவார்கள் என்று சொன்னவர் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடுகிறார். பிடிபட்டால் உங்களுக்கு வழக்கு, படகுக்காரருக்குப் படகே போய்விடும். கையில் ஒரு துண்டு பவளமோ சங்கோ இருந்தால் இன்னும் மோசம்.

முறையான வழி வனத்துறையே நடத்தும் சூழல் சுற்றுலாப் படகுதான். எந்த இடத்திலிருந்து எந்த நாளில் படகு விடுகிறார்கள் என்பது கடல் நிலையைப் பொறுத்தது. மண்டபம் வனச்சரக அலுவலகத்திலோ ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்திலோ கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள். கண்ணாடி அடித்தளப் படகு கிடைத்தால், லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூடைக் கண்ணாடிமேல் ஒட்ட வைத்து 1/500, ஐஎஸ்ஓ 400-லிருந்து ஆரம்பியுங்கள். ஹூட் இல்லையென்றால் கறுப்புத் துணியால் லென்ஸைச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சட்டைதான் பவளத்தின்மேல் தெரியும். போலரைசரை இங்கே கழற்றிவிடுங்கள். அக்ரிலிக் தட்டாக இருந்தால் வானவில் பட்டை விழும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து கடல் சூடேறினால் பவளம் வெளுக்கும். 2010-லும் 2016-லும் இந்தக் கடலில் பெரிய அளவில் வெளுத்தது. வெள்ளை வெளேரென்று தெரிவது அழகு இல்லை. பவளத்துக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசி வெளியேறிவிட்டது என்பதன் அடையாளம். படத்துக்குக் குறிப்பு எழுதும்போது இதைச் சேர்த்து எழுதுங்கள்.

ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உச்சிப்புளியில் பருந்து கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல் படை, அப்பால் பன்னாட்டுக் கடல் எல்லை. 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனை இயக்க பைலட் உரிமம் தேவையில்லை என்பதும் தடை மண்டலத்தில் பறக்கவிடலாம் என்பதும் வேறு வேறு. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு ட்ரோன் தளத்தின் வரைபடத்தில் பாருங்கள், அதோடு உள்ளூர்க் காவல்துறை அனுமதியும் வேண்டும். மூன்று நாளில் நடக்கிற காரியம் இல்லை. படைத்தளங்களின் மதில், கோபுரம், ரோந்துப் படகு இவற்றை நீள லென்ஸால் எடுப்பதும் வேண்டாம்.

பூநாரை இல்லாவிட்டாலும் பறவை இருக்கிறது. ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் கோடையில் மணல்தரையிலேயே முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது, கட்டைவிரல் பதித்த மாதிரி ஒரு பள்ளம், சுற்றிலும் நாலைந்து சிப்பித்துண்டு, நடுவில் மணல் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டை. ஓரடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. இங்கே உள்ள சின்ன உப்புக்கொத்தியை 2023-ல் தனி இனமாகப் பிரித்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். ராமர் பாலத்துக் கரையில் பொருத்தமான பெயர். ஒரு குருவி உங்கள் முன்னால் சிறகு ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். வந்த காலடித் தடத்திலேயே திரும்பிவிடுங்கள். நண்பகல் வெயிலில் தாய்ப்பறவை எழுந்து பத்து நிமிடம் தள்ளி நின்றால் முட்டை வெந்துவிடும். 300 மிமீ வைத்துத் தார்ச்சாலை ஓரத்தில், கார் கண்ணாடியை இறக்கி, கதவின்மேல் ஒரு மணல் பையைப் போட்டு எடுப்பதுதான் சரியான முறை. காரைக் கண்டு மிரளாது, ஆளைக் கண்டால் மிரளும்.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தீவில் இறங்குவதையும் ட்ரோனையும் கைவிட்டாச்சு. ஏப்ரல் மூன்றாம் வாரம் என்று முடிவு செய்துவிட்டோம்.

இன்னும் சில சந்தேகம். ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம் என்கிறார்களே, துறைமுகத்தில் எடுக்க ஒன்றும் இருக்காதா? டிரைபாட் மணலில் புதைந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிறது, அதற்கு என்ன வழிங்க? உப்புக்காற்றிலிருந்து கேமராவைக் காப்பது எப்படி? ராத்திரியில் பால்வீதி எடுக்க முடியுமா?

சிரட்டை:

டிரைபாட் சாய்வதற்குக் காரணம் எடை இல்லை. அலை திரும்பும்போது காலைச் சுற்றியுள்ள மணலை அரித்துக்கொண்டு போகிறது. கால் நிற்கிற குழி அகலமாகிறது, கால் இறங்குகிறது. ரப்பர் பாதம் சின்னது என்பதால் வேகமாக இறங்கும். மூன்று தேங்காய்ச் சிரட்டை போதும். கண் உள்ள பாதியாக எடுத்து, நாரைச் சுரண்டி, கவிழ்த்து வைத்து மணலில் அழுத்துங்கள். கண்ணின் குழியில் டிரைபாட் காலை ஊன்றுங்கள். வளைந்த முதுகு இருப்பதால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும், அரிப்பு குறையும். வைத்ததும் உடனே எடுக்காதீர்கள். தலையைக் கையால் பிடித்துப் பலமாகக் கீழே அமுக்கி, இரண்டு அலை வந்து போகவிட்டு, மறுபடி அமுக்கி, அப்புறம் மட்டம் பாருங்கள்.

பையை டிரைபாட்டின் நடுக்கொக்கியில் தொங்கவிடுவார்கள். காற்றில் அது ஊஞ்சலாடி டிரைபாட்டையே ஆட்டும். துணிப்பையில் மூன்று கிலோ மணல் கட்டி, பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கயிற்றை நீட்டுங்கள். நடுக்கம்பத்தை ஏற்றவே வேண்டாம். கால்களில் மேல் துண்டை முதலில் நீட்டாமல் கீழ்த் துண்டை முழுக்க நீட்டுங்கள். அப்போதுதான் பூட்டுகள் தண்ணீருக்கும் மணலுக்கும் மேலே நிற்கும். அலுமினியத்தில் உப்பு ஏறினால் பூட்டு வெள்ளை பூத்து இறுகிவிடும். அன்றன்றைக்கு ராத்திரி குளியலறையில் நல்ல தண்ணீரில் கால்களை விரித்து நீட்டிக் கழுவி, மூடாமல் சாய்த்துக் காயவிட வேண்டும். மடக்கி வைத்துவிட்டுக் காலையில் திருகினால் நறநறவென்று கேட்கும், அது பூட்டின் மரையை மணல் தேய்க்கிற சத்தம்.

லென்ஸ் மாற்றுவதைக் கரையில் செய்யவே கூடாது, காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான். உங்களிடம் இரண்டு கேமரா இருப்பதால் ஒன்றில் 16-35-ஐயும் மற்றொன்றில் 70-300-ஐயும் பூட்டிவிட்டு நாள் முழுக்க மாற்றாமல் இருப்பதே மேல். கிராப் கேமராவில் 70-300 போட்டால் தூரப் பறவைக்கும் அதுவே ஆதாயம். 18-140-ஐ விட்டுவிட்டு வாருங்கள்.

முன்கண்ணாடியில் உப்புப் படலம் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புக்கல் கீறும். முதலில் ஊது பந்து, பிறகு குடிதண்ணீர் இரண்டு சொட்டு நனைத்த மைக்ரோஃபைபர், பிறகு உலர்ந்தது. ஒருநாளைக்கு ஐந்து துணி வேண்டும். ஒரே துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டால் உப்பைத்தான் பூசுகிறோம். முன்னால் ஒரு யுவி ஃபில்டர் இங்கே அவசியம். என்டி போடும்போது மட்டும் அதைக் கழற்றுங்கள்.

ஏசி அறையிலிருந்து விடியற்காலை நேரே கரைக்குப் போனால் லென்ஸ் முழுக்க வியர்த்து, உதயம் முடியும்வரை தெளியாது. ராத்திரியே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, கிளம்புவதற்கு அரைமணி முன்னால் பையோடு வெளியே வையுங்கள். வியர்வை பைக்கு வெளியே பிடிக்கும், கேமராவில் பிடிக்காது. பகலில் மூடிய காரில் கேமராவையும் பேட்டரியையும் விட்டுப் போகாதீர்கள். வேறு வழியில்லையென்றால் ஈரத்துண்டு சுற்றிய தெர்மாகோல் பெட்டிக்குள், இருக்கைக்கு அடியில்.

போன்காரருக்கு: உப்பும் விரல் எண்ணெயும் சேர்ந்து லென்ஸில் படிந்தால் சூரியனைச் சுற்றி ஒளி வழியும், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் துடைக்க வேண்டும். சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிவிட்டுச் சட்டகத்தை அமைத்தால் நிறம் வெளுக்காது. சூடேறி ஆப் மூடிக்கொள்வது கோடையில் வழக்கம், கறுப்பு உறையைக் கழற்றிவிடுங்கள். குளிரவைக்கிறேன் என்று ஐஸ் தண்ணீர் பாட்டில்மேல் வைக்காதீர்கள், உள்ளே வியர்த்துவிடும்.

தண்ணீர் ஆளுக்கு ஒருநாளைக்கு நாலு லிட்டர். முனையில் மீன் பொரித்துக் கொடுக்கிற கடைகள் உண்டு, பெட்ரோல் கிடையாது. குடை காற்றில் மல்லாந்துவிடும், தாடைக் கயிறு உள்ள தொப்பிதான். சாலையோரத்தில் நுங்கு, பதநீர் கிடைக்கிற காலம். பனை ஏறுகிறவரைப் படமெடுக்க வேண்டுமென்றால் விடியற்காலையில் போங்கள். முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஏறும்போது கீழிருந்து கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

பாம்பன்கரை:

தடைக்காலம்தான் துறைமுகத்துக்கு நல்ல காலம் அண்ணே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அத்தனை படகும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக் கிடக்கும், பழுது பார்ப்பது எல்லாம் அப்போதுதான். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து உளியால் அடிப்பது, அடிப்பலகையில் ஒட்டின சிப்பியைச் சுரண்டுவது, புதுப் பெயிண்ட் அடிப்பது, மர நிழலில் வலை பின்னுவது. நீங்கள் வருவது முதல் வாரம் என்பதால் சுரண்டுகிற வேலை இருக்கும், பெயிண்ட் ஆரம்பித்திருக்காது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, வத்தையும் வல்லமும் போய் வரும், அதிகாலையில் கரைக்கு வரும்.

ஜெட்டிக்குள் நுழைந்ததும் கேமராவைத் தூக்காதீர்கள். படகுக்காரரிடம் ஊர், பெயர் சொல்லி, எதற்கு எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு எடுங்கள். தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல் இருக்கிறவர்கள், எல்லைப் பிரச்சினையில் அடிபட்டவர்கள், யாரோ வந்து படம் பிடிப்பது சந்தேகத்தைக் கிளப்பும். கேட்டால் மறுக்க மாட்டார்கள், தேத்தண்ணியும் கொடுப்பார்கள். எடுத்த படத்தை அவர்கள் போனுக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மே, ஜூனில் வருகிற அடுத்தவர்களுக்கு அது வழி திறந்துவிடும்.

பால்வீதி: ஏப்ரல் நடுவில் அதன் நடுப்பகுதி நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் தென்கிழக்கில் எழும்பும், நாலு மணிவாக்கில் தெற்கே உச்சம், ஐம்பது டிகிரி உயரத்தில். நிலா இல்லாத இரவாக இருக்க வேண்டும். தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது. வேறு எந்தக் கடற்கரையானாலும் ராத்திரி டார்ச் வெளிச்சத்தோடு நின்றால் கடலோரக் காவல் போலீஸ் வந்து விசாரிக்கும், அது அவர்கள் கடமை. சாயங்காலமே அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் ஆதார் நகல் கொடுத்து, வண்டி எண், நிற்கிற இடம், நேரம் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. முனைப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். சாவடியைத் தாண்டுவதற்கு முன்னாலேயே நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து ரோமிங்கை அணைத்துவிடுங்கள். சூரியப் பாதை ஆப்புக்கும் வரைபடத்துக்கும் வேண்டியதை அறையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.